கேளுங்கள் டாக்டரம்மா: மடிப்பை விரித்துப் பாருங்கள்

சென்ற இதழில் குழந்தைகளின் டயப்பர் புண் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை எடுத்துக்கொண்டன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்விதான்: "எந்த க்ரீம் போடலாம்?" எது என்று தெரியாமல் எந்த க்ரீம் என்று நான் எப்படிச் சொல்ல? ஆகவே க்ரீமுக்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

என் மகனுக்கு எட்டு மாதம். ஐந்து நாளாகப் புட்டமும் தொடையும் சிவந்து பளபளவென்று இருக்கின்றன. துடைத்தாலே வீறிட்டு அழுகிறான். பல் முளைக்கிற சூடு என்கிறார் அத்தை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ட்யூபைப் போட்ட அன்றே சிவப்பு வடிந்தது, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பிவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன்.
*– வாசகி, கோவில்பட்டி*

ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பியதற்கு நன்றி. ட்யூப்லைட்டில் எடுத்த படங்களில் எனக்கு எதுவும் புலப்படுவதில்லை.

உங்கள் படத்தில் நான் முதலில் பார்த்தது சிவந்த இடத்தை அல்ல, சிவக்காத இடத்தை. தொடையும் வயிறும் சேர்கிற இடுக்கை நீங்கள் விரலால் லேசாக விரித்துக் காட்டியிருக்கிறீர்கள். அந்த மடிப்புக்குள் தோல் இயல்பான நிறத்தில் இருக்கிறது. புட்டத்தின் மேடு, அடிவயிறு, விதைப்பை, உள்தொடை என்று டயப்பர் உரசுகிற இடங்கள் மட்டும்தான் சிவந்திருக்கின்றன. ஈரமும் மலமும் உரசலும் சேர்ந்து தோலை அரித்ததால் வந்த புண் இது. டயப்பர் புண்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். மடிப்புக்குள் மலமும் மூத்திரமும் அவ்வளவாகப் படுவதில்லை, துணியும் உரசுவதில்லை. அதனால் மடிப்பு தப்பிவிடுகிறது. மடிப்பும் சேர்ந்து சிவந்திருந்தால் அது வேறு கதை. அடுத்த கடிதத்தில் வருகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகங்களில் இருக்கிற படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் குழந்தைகளுடையவை. நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கருநிறத்திலும் 'சிவப்பு' பல சமயம் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சில சமயம் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து மட்டும் தெரியும். அப்போது நிறத்தை நம்பாமல் தோலின் மினுமினுப்பைப் பாருங்கள். புறங்கையால் தொட்டுச் சூடு பாருங்கள். தண்ணீர் பட்டதும் குழந்தை காலைச் சுருட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள்.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பல் முளைப்பதால் புட்டத்தில் புண் வராது. பல் முளைக்கிற அதே வயதில்தான் நாம் இட்லியும் பருப்புச் சாதமும் பழமும் கொடுக்க ஆரம்பிக்கிறோம். மலம் மாறுகிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இந்தப் புண் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தையின் கவனிப்பு சரிதான், பழியைத்தான் பல்லின் மேல் போட்டுவிட்டார்.

இப்போது அந்த ட்யூப். நீங்கள் எழுதியனுப்பிய உள்ளடக்கத்தைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. க்ளோபெடசால், நியோமைசின், மைக்கோனசால். க்ளோபெடசால் என்பது மேல்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமானது. பெரியவர்களின் முழங்கையில் தடித்துப் போன சொரியாசிஸுக்குப் போடுவதை எட்டு மாதக் குழந்தையின் தொடையிடுக்கில் போட்டிருக்கிறோம். அதன் மேல் டயப்பரையும் இறுக்கி ஒட்டினால் மூடிய இடத்தில் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். அன்றைக்கே சிவப்பு வடிந்தது மருந்தின் கெட்டிக்காரத்தனம் இல்லை. ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கிவிடும், காரணத்தைத் தொடாது. வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும், சில குழந்தைகளுக்குப் புட்டத்தில் கரும்பழுப்புக் கட்டிகளும் எழும். கன்னம் உப்பி, எடை கூடி, வளர்ச்சி நின்ற குழந்தையை என்னிடம் கூட்டிவந்திருக்கிறார்கள். "கொழுகொழுன்னு இருக்கான்" என்று பெருமையாகத்தான் சொன்னார்கள். விசாரித்தால், மாதக்கணக்கில் டயப்பருக்குள் இதே மாதிரி ஒரு ட்யூப். இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை 2018-லேயே மத்திய அரசு 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் சேர்த்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது, கேட்காமலும் கிடைக்கிறது. பெட்டியில் க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தாலும் நீங்களாகக் குழந்தைக்குப் போடாதீர்கள். உங்கள் மகனுக்குச் சில நாள்தான் போட்டிருக்கிறீர்கள், அதனால் பயப்பட வேண்டியதில்லை. இன்றோடு நிறுத்துங்கள். நெடுநாள் போட்டவர்கள் மட்டும் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்த வேண்டும்.

என்ன செய்வது? மலம் கழித்ததும் உடனே மாற்றுங்கள். மூத்திரம் மட்டும் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே டயப்பரில் விடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு அல்லது பழைய காட்டன் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். துடைத்தாலே அழுகிற குழந்தையைத் துடைக்கவே வேண்டாம், குவளையில் தண்ணீர் எடுத்து மேலிருந்து ஊற்றிக் கழுவுங்கள். பயத்தமாவு, கடலைமாவு, சோப்பு எதுவும் புண் ஆறும்வரை அந்தப் பக்கம் வேண்டாம். ரப்பர் ஷீட்டின் மேல் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்து, குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு விளையாட விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, அரை அரை மணி நேரம். வேட்டி நனையும், நனையட்டும். மருந்தில் பாதி இந்தக் காற்றுதான்.

பிறகு ஜிங்க் ஆக்ஸைடு கலந்த களிம்பு. இதை முகத்துக்கு க்ரீம் போடுவது போல மெல்லிசாகத் தடவுகிறார்கள், அது பயன்படாது. தோலே தெரியாத அளவுக்கு வெள்ளையாக, கெட்டியாக அப்ப வேண்டும். அடுத்த முறை டயப்பர் மாற்றும்போது மலம் பட்ட மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் ஒட்டியிருப்பதை அப்படியே விட்டு மேலே இன்னொரு பூச்சுப் பூசுங்கள். சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் பல வீடுகளில் புண்ணை ஆறவிடாமல் செய்கிறது. முழுக்க எடுத்தே ஆக வேண்டுமென்றால் பஞ்சில் கொஞ்சம் பேபி ஆயில் தொட்டு எடுக்கலாம். ஜிங்க் களிம்பு கிடைக்கவில்லையா, வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். விலை குறைவு, வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை, ஆனால் அது தோலின் மேல் நிற்காது. மலத்துக்கும் தோலுக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்கிற ஒன்றுதான் இப்போது வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் தெளிவாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால், மடிப்பை மறுபடி விரித்துப் பாருங்கள்.

பத்து மாதப் பெண் குழந்தை. சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தோம். அது முடிந்த கையோடு தொடையிடுக்கில் ரத்தச் சிவப்பாகப் படை வந்தது. சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள். ஜிங்க் களிம்பு ஒரு வாரமாகப் போடுகிறேன், அசையவில்லை. நாக்கிலும் மாவு படிந்திருக்கிறது. துணியால் துடைத்தாலும் போகவில்லை.
*– வாசகி, தேனி*

இவ்வளவு நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். இது கேண்டிடா என்ற பூஞ்சை. மடிப்புக்கு உள்ளேயே சிவந்திருப்பது முதல் அடையாளம். பெரிய படைக்கு வெளியே தனித்தனியாகத் தள்ளித் தெரிகிற பருக்கள் இரண்டாவது. ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு வந்தது மூன்றாவது. குடலிலும் தோலிலும் பூஞ்சையை அடக்கி வைத்திருக்கிற நல்ல பாக்டீரியாக்களையும் அந்த சிரப் சேர்த்துக் கொன்றுவிடும், அந்த இடைவெளியில் பூஞ்சை பெருகும். நாக்கில் இருக்கிற மாவு நான்காவது. பால் படலம் என்றால் துடைத்ததும் போய்விடும், போகாமல் ஒட்டிக்கொண்டு, தேய்த்தால் அடியில் சிவப்பாகத் தெரிந்தால் அதுவும் இதே பூஞ்சைதான்.

சாதாரணப் புண்ணாக ஆரம்பித்ததுகூட மூன்று நாளுக்கு மேல் ஆறாமல் கிடந்தால் அதில் பூஞ்சை குடியேறிவிடுவது வழக்கம். அதனால்தான் மூன்று நாள் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஜிங்க் களிம்பு பூஞ்சையைக் கொல்லாது. உங்களுக்கு வேண்டியது க்ளோட்ரிமசோல் 1% க்ரீம், தனி மருந்தாக, ஸ்டீராய்டு கலக்காதது. கடையில் கேட்கும்போது "கலப்பு இல்லாதது, க்ளோட்ரிமசோல் மட்டும்" என்று அழுத்திச் சொல்லுங்கள். மடிப்பை விரித்துக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மெல்லிசாகத் தடவுங்கள். அது தோலில் இறங்கியதும் அதன் மேல் ஜிங்க் களிம்பு. வரிசை மாறக்கூடாது, சுவரைக் கட்டிவிட்டு அதன் மேல் மருந்து பூசினால் உள்ளே போகாது. பார்வைக்கு நன்றாகிவிட்ட பிறகும் சில நாள் தொடருங்கள். பாதியில் நிறுத்தியவர்களின் கடிதம்தான் அடுத்த மாதம் "மறுபடி வந்துவிட்டது" என்று வருகிறது.

வாய்க்குத் தனி மருந்து வேண்டும். அதைக் குழந்தையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் உங்கள் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் காம்பில் எரிச்சலோ வெடிப்போ இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து வைத்தியம் செய்யாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பவுடர் போட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் அல்லவா? வீட்டில் போரிக் பவுடரும் இருக்கிறது.
*– வாசகர், சிவகாசி*

போரிக் பவுடரைக் குழந்தை இருக்கிற அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள் ஐயா. கேரம் போர்டில் தூவுகிற அதே போரிக் ஆசிட்தான் அது. தோல் உரிந்த இடத்தில் போட்டால் ரத்தத்தில் ஏறும். முன்காலத்தில் மருத்துவர்களே இதைக் குழந்தைகளுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், அதில் குழந்தைகள் இறந்த பிறகுதான் நிறுத்தினார்கள். வாந்தி, பேதி, தோல் முழுக்க வேகவைத்தது போலச் சிவந்து உரிதல், வலிப்பு என்று போகும்.

சாதாரண முகப்பவுடரும் வேண்டாம். டப்பாவைக் குலுக்கும்போது எழுகிற தூசியைக் குழந்தை மூச்சில் இழுக்கிறது. மடிப்பில் போட்டது ஈரத்தில் ஊறி உருண்டைகளாகத் திரண்டு இன்னும் உரசுகிறது.

எங்கள் காலத்தில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டி நாலு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருத்தருக்கும் புண் வந்ததில்லை. மருமகள் இரவு பகலாகப் பேரனுக்கு டயப்பர் மாட்டுகிறாள். சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். நீங்களே எழுதுங்கள், அவள் உங்கள் பக்கத்தைப் படிப்பாள்.
*– ஒரு பாட்டி, மன்னார்குடி*

அம்மா, உங்கள் மருமகளும் படிப்பார் என்பதால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

துணி கட்டிய காலத்தில் புண் இல்லாமல் இல்லை. பிரெஞ்சு மருத்துவர் ஜாக்கெ 1905-ல் விவரித்த, குழி குழியாகக் கிண்ணம் போல அரித்துப்போகிற கடும் புண் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அது துணிக் காலம்தான். அந்த நாளில் மூத்திரத்திலிருந்து வருகிற அம்மோனியாதான் தோலை அரிக்கிறது என்று நினைத்தார்கள், காலையில் துணியை அவிழ்த்ததும் மூக்கைத் துளைக்குமே, அந்த வாடை. 1921-ல் அப்படித்தான் எழுதி வைத்தார்கள். 1977-ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது புண் உள்ள குழந்தைக்கும் இல்லாத குழந்தைக்கும் அம்மோனியா அளவில் வித்தியாசம் இல்லை. 1986-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. மூத்திரத்தில் இருக்கிற யூரியாவை மலத்தில் இருக்கிற கிருமிகள் உடைக்கும்போது தோலின் மேல் காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரத்தில் மலத்தோடு வருகிற ஜீரண நொதிகள் விழித்துக்கொள்கின்றன. குடலில் புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கிற அதே நொதிகள் புட்டத்தின் தோலைக் கரைக்க ஆரம்பிக்கின்றன. ஆக, மூத்திரம் தனியாக, மலம் தனியாக என்றால் தோல் கொஞ்சம் தாங்கும். இரண்டும் கலந்து கிடந்தால்தான் ஆபத்து.

இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பிள்ளைகளுக்கு ஏன் புண் வரவில்லை என்பதும் விளங்கும். துணி நனைந்ததும் தெரிந்துவிடும், நீங்கள் உடனே அவிழ்த்தீர்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையின் மலத்தில் காரம் குறைவு, அந்த நொதிகளும் அவ்வளவு வேலை செய்வதில்லை. பாதி நேரம் பிள்ளை துணியே இல்லாமல் திண்ணையில் கிடந்தது. இந்த மூன்றும்தான் உங்கள் வைத்தியம்.

மருமகள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். துணிக்கு மேல் போடுகிற நீர்புகா உறையை வீட்டிலேயே தைத்துப் பார்த்த மரியன் டோனவன் ஒரு தாய்தான். 1940-களில் அமெரிக்காவில் குளியலறைத் திரையை வெட்டித் தைத்தார். கடைகள் அதை விற்க ஆரம்பித்தது 1949-ல். 1961-ல் பாம்பர்ஸ் வந்தது. ஆனாலும் தோலுக்கு உண்மையான நிம்மதி 1980-களில் டயப்பருக்குள் வந்த உறிஞ்சும் தூளால்தான். பயன்படுத்திய டயப்பரைக் கிழித்தால் ஜவ்வரிசி மாதிரி வழுவழுவென்று வருகிறதே, அதுதான். மூத்திரத்தைப் பிடித்து ஜெல்லாக உள்ளே பூட்டிவிடும். அதனால் நல்ல டயப்பரில் தோல் நனைந்த துணியில் இருப்பதைவிட உலர்வாகவே இருக்கும். இரவு ஐந்தாறு முறை எழுந்து துணி மாற்றிவிட்டுக் காலையில் வேலைக்கும் கிளம்புகிற ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால், மருமகளே, அந்தத் தூள் மூத்திரத்தை மட்டும்தான் பூட்டும், மலத்தைப் பூட்டாது. "இன்னும் கனக்கவில்லையே" என்று விட்டுவைக்கிற டயப்பரில்தான் புண் வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது டயப்பரின் திறன், உங்கள் பிள்ளையின் தோலுக்குக் கொடுத்த உத்தரவாதம் இல்லை.

பகலில் வீட்டில் இருக்கும்போது துணி, இரவிலும் வெளியூர்ப் பயணத்திலும் டயப்பர். என்னிடம் வருகிற குடும்பங்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். துணிக்கு மேல் ப்ளாஸ்டிக் ஜட்டி மட்டும் போடவே போடாதீர்கள், இரண்டின் கெடுதலும் அதில் சேர்ந்திருக்கிறது. துணியைத் துவைக்கிறவர் யாரானாலும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற தெருக்களில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சோப்புத்தூள் தங்கிய துணி நனைந்தால் அதுவே எரிச்சல். கிருமிநாசினித் திரவமும் வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனரும் வேண்டாம். வெயிலில் காயப்போட்டால் போதும்.

ஏழு மாதக் குழந்தைக்கு நாலு நாளாக வயிற்றுப்போக்கு. ஆசனவாயைச் சுற்றித் தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. வீட்டில் இதைச் 'செவ்வாப்பு' என்று சொல்லி மருந்து உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்.
*– வாசகி, அறந்தாங்கி*

உள்ளுக்கு எதையும் உரைத்துக் கொடுக்காதீர்கள். புண் வயிற்றுப்போக்கின் விளைவு. போக்கைக் கவனித்தால் புண் தானாக வழிக்கு வரும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு முறை போன பிறகும் ஓஆர்எஸ் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை என்பதால் ஜிங்க் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். போக்கு நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நாலு நாள் ஆகிவிட்டதால் இன்றே போய்க் காட்டிவிடுங்கள். கண் உள்வாங்கியிருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், புண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

களிம்பைப் போக்கு தொடங்கிய அன்றைக்கே, தோல் சிவப்பதற்கு முன்னாலேயே பூசிவிட வேண்டும். இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

போக்கு நின்ற பிறகும் ஆசனவாயைச் சுற்றி மட்டும் கோடு போட்டது போல் எல்லை தெரிகிற பளிச் சிவப்பு இருந்து, மலம் கழிக்கும்போது குழந்தை துடித்தால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் உள்ளுக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் களிம்பும் கேட்காது.

ஐந்து மாதக் குழந்தை. புட்டத்தில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. பூஞ்சை க்ரீம், ஜிங்க் களிம்பு எல்லாம் போட்டாயிற்று. இப்போது வாயைச் சுற்றியும் விரல்களிலும் அதே போல் வந்திருக்கிறது. முடி கொட்டுகிறது. எப்போதும் சிணுங்கல்.
*– வாசகர், அரூர்*

இந்தக் கடிதத்துக்குப் பத்திரிகை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஆசிரியர் குழு வழியாக உங்களை ஏற்கெனவே தொடர்புகொண்டுவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

புட்டம், வாயைச் சுற்றி, கைகால் விரல்கள். இந்த மூன்று இடங்களும் சேர்ந்து வந்து, கூடவே முடி கொட்டுதலும் வயிற்றுப்போக்கும் இருந்தால் உடம்பில் துத்தநாகச் சத்து, அதாவது ஜிங்க், இல்லையா என்று பார்த்தே ஆக வேண்டும். மேலே பூசுகிற ஜிங்க் களிம்பு இதற்கு ஈடாகாது, உள்ளே போக வேண்டும். குடல் ஜிங்கை உறிஞ்ச முடியாமல் பிறக்கிற குழந்தைகள் உண்டு. பரம்பரையாக வருகிற இந்த நோய்க்கு 1942-ல் நார்வே மருத்துவர்கள் டான்போல்ட்டும் க்ளாஸ்ஸும் பெயர் வைத்தார்கள். பெயர் கிடைத்ததே தவிர காரணம் தெரியவில்லை, பல குழந்தைகள் மெலிந்து மெலிந்தே இறந்தன. 1973-ல் லண்டனில் மொய்னாஹன் என்ற மருத்துவர்தான் ஜிங்க் கொடுத்தால் சரியாகிறது என்று கண்டுபிடித்தார். தாய்ப்பாலில் இருக்கிற ஜிங்க் சுலபமாக உறிஞ்சப்படும் என்பதால் பால் குடிக்கும்வரை இந்த நோய் மறைந்திருக்கும், பால் மறக்கடித்த சில வாரத்தில் வெளியே வரும். அரிதாகத் தாயின் பாலிலேயே ஜிங்க் குறைவாக இருந்தால், பால் குடிக்கிற குழந்தைக்கும் வரும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அதிகம்.

இப்படி ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்தது. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காது. வெளிச்சம் பட்டால் கண்ணை இறுக்கிக்கொள்ளும். வாயோரத்தில் வெடித்த பொருக்கு, விரல் நகங்களைச் சுற்றிச் சிவந்த வீக்கம், டயப்பர் இடத்தில் விளிம்பு தூக்கிய காய்ந்த செதில். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு அன்றே ஜிங்க் சிரப்பைத் தொடங்கினோம். புண்ணுக்கு முன்னால் மாறியது அதன் குணம். சில நாளிலேயே சிணுங்கல் நின்றது, பால் கேட்டுக் குடித்தது. அடுத்த வாரம் அம்மாவின் மடியிலிருந்து என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தது. தோல் அதற்குப் பிறகுதான் முழுசாக ஆறியது.

இந்த நோய் அரிது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. டயப்பர் இடத்துப் புண்ணைப் பார்க்கும்போது டயப்பரை மட்டும் கழற்றினால் போதாது, குழந்தையின் உடுப்பு முழுவதையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தலையில் மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்குப் பொருக்கும் காதுக்குப் பின்னால் சிவப்பும் இருந்தால் செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சி. உள்ளங்கை உள்ளங்காலில் பருக்கள், வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி அரிப்பு என்றால் சொறி. வீடு முழுக்க ஒரே நாளில் வைத்தியம் செய்ய வேண்டும். டயப்பரின் எலாஸ்டிக் படுகிற கோட்டில் மட்டும் தடிப்பு என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம், பிராண்டை மாற்றிப் பாருங்கள். ஆறாத புண்ணோடு ரத்தப் புள்ளிகளும் தெரிந்தால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரி.

புண் ஆறிவிட்டது. அந்த இடம் வெளுத்து வெள்ளையாக இருக்கிறது. வெண்படையோ என்று பயமாக இருக்கிறது.
*– வாசகி, ராணிப்பேட்டை*

இல்லை. கறுத்த தோலில் புண் ஆறினால் இப்படி நிறம் குறைந்தோ கூடியோ தெரிவது சகஜம். வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாக நிறம் திரும்பும். எதையும் தடவ வேண்டாம். ஸ்டீராய்டு ட்யூப் போட்டிருந்தால் அதனாலும் வெளுக்கும், அதை நிறுத்துங்கள்.

இருபது நாள் குழந்தைக்கு அடிவயிற்றிலும் இடுப்பிலும் நீர் கோத்த கொப்புளங்கள். அக்கி என்று சொல்லி, காவி எழுதக் கூட்டிப்போகிறார்கள். போகலாமா?
*– பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்*

போகாதீர்கள் அம்மா. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் திறந்த கொப்புளத்தின் மேல் மண் படுவது பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. உடைந்து தேன் நிறப் பொருக்காகக் காய்கிற கொப்புளங்கள் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருபவை. சின்னச் சின்னதாகக் கொத்தாக வந்தால் ஹெர்பிஸ் வைரஸாகவும் இருக்கலாம், அது ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் மூளையைத் தாக்கக்கூடியது. இரண்டையும் பார்வையால் பிரிப்பது சில சமயம் எங்களுக்கே கடினம், கொப்புள நீரை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

ஒரு மாதம் நிறையாத குழந்தைக்குக் கொப்புளமோ சீழ்ப்பருவோ வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலையே கூடாது. காய்ச்சல் இருந்தாலும், உடம்பு சில்லிட்டிருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினால் எழவில்லை என்றாலும் இன்றிரவே போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி இல்லாவிட்டால் 108-க்குப் போன் செய்யுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பச்சைக் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, நேரே அங்கே கேளுங்கள். போகும்போது கொப்புளங்களின் மேல் எதையும் பூசாமல், சுத்தமான காட்டன் துணியில் தளர்வாகச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோங்கள். வழியில் பால் கேட்டால் கொடுங்கள்.